பெரியவர்கள் பாதுகாப்பு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நடைப் பயிற்சியும் கைத்தடிப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து உட்கார்ந்து பேசும்போது ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃபேர்லேண்ட்ஸில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சரும், அம்மாப்பேட்டைத் தறிக்காரரும், ஏற்காட்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்துபோகும் அம்மாவும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றே. அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. இன்னொரு ஆளிடம் சொல்லாமல் எதையும் கழற்றாதீர்கள், கொடுக்காதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள். கீழே இதை 'இன்னொரு ஆள் விதி' என்றே குறிப்பிடுகிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயசுங்க. இந்த வயசுல தற்காப்பு கத்துக்கிட்டு நான் யாரை அடிக்கப் போறேன்?

யாரையும் அடிக்க வேண்டாம். இந்த வயதில் தற்காப்பு என்றால் விழாமல் நிற்பது, சத்தம் போடுவது, அந்த இடத்தை விட்டு நகர்வது, அவ்வளவுதான். திருடன் சில நொடியில் போய்விடுவான். அவன் தள்ளியதில் இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. அதனால் எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி காலுக்கும் சமநிலைக்கும்தான் போகிறது.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுவர் ஓரமாக, ஒரு காலின் விரலுக்கு முன்னால் அடுத்த காலின் குதிகாலை வைத்து நடந்து பாருங்கள். தலைசுற்றலோ மூட்டு வலியோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் குரல். பல அம்மாக்களுக்குச் சத்தம் போடவே வராது. "மெதுவாப் பேசு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த குரல் அது. "கிட்ட வராதே! தள்ளிப் போ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவதை நாங்கள் தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறோம். முதல் வாரம் வெட்கப்படுவார்கள். அப்புறம் தெரு முழுக்கக் கேட்கும்.

கைத்தடியை சிலம்பம் மாதிரி சுத்தி அடிக்கலாமா?

தலைக்கு மேல் தூக்கவே கூடாது. தூக்கினால் உங்கள் ஊன்றுகோல் தரையில் இல்லை, தோள் வலிக்கும், எதிராளி எளிதாகப் பிடுங்கிவிடுவான். முதலில் முதுகைச் சுவருக்கோ நிற்கும் வண்டிக்கோ கொடுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. தடியை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சு உயரத்தில் குறுக்கே வைத்து நெருங்க விடாமல் நிறுத்துங்கள். அதற்கும் மீறி வந்தால் தடியின் முனையால் அவன் காலை நோக்கிக் குத்தலாம். சிலம்பத்திலும் காலடிக்குத்தான் முதல் மரியாதை. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடியின் உயரமும் முக்கியம். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாகப் பிடி வர வேண்டும். வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். முனையில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

யாராவது கையைக் கெட்டியாப் புடிச்சுட்டா?

அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பிடியில் பலவீனமான இடம். அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, உடம்பையும் சேர்த்து ஒரு அடி விலகி இழுங்கள். கூடவே கத்துங்கள். கை விடுபட்டதும் நிற்காமல் ஆள் இருக்கும் கடைக்குப் போங்கள். முஷ்டியால் குத்த வேண்டாம். எலும்பு தேய்ந்த வயதில் உங்கள் விரல்தான் முறியும். தள்ள வேண்டியிருந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுங்கள்.

செயினைப் புடிச்சு இழுத்தா விட்டுடணுமா? எங்க அம்மா போட்ட அஞ்சு பவுனுங்க அது.

விட்டுவிடுங்கள். இதைச் சொல்லும்போது பல அம்மாக்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், அந்த நகையில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஓடும் வண்டியோடு சேர்த்து உங்களை இழுக்கும் பிடி அது. கழுத்து அறுபடலாம், தலை ரோட்டில் மோதலாம். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அது சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

தடுக்க வழி இருக்கிறது. பறிப்பவர்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து பைக்கில் வருவார்கள். நடைமேடை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடந்தால் வண்டிகள் உங்கள் எதிரில் வரும், முகம் தெரியும். காலை ஐந்து மணி இருட்டில் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் தனியாக நடப்பதைவிட, வெளிச்சம் வந்த பிறகு இரண்டு பேராகப் போகலாம். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் நடக்கும்போது மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டு கொடியை வீட்டில் வைக்கிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திப் பின் குத்திக்கொள்ளுங்கள்.

பறித்துவிட்டால் வண்டி எண், நிறம், எந்தப் பக்கம் திரும்பியது என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். சொன்னால்தான் நினைவில் நிற்கும். 112-ஐ அழைத்து அதையே சொல்லுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம் (பிரிவு 304), மூன்று ஆண்டு வரை சிறை. நகையின் ரசீதும், நகையைப் போட்டிருக்கும் ஒரு போட்டோவும் வீட்டில் இருந்தால் புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

நாம தடியால அடிச்சா கேஸ் நம்ம மேல வந்துடாதா?

உங்கள் உடலையோ பொருளையோ காத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. மேலே சொன்ன சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் என்பது எல்லை. அவன் ஓடத் தொடங்கிய பிறகோ, நாலு பேர் பிடித்துக் கட்டிப்போட்ட பிறகோ அடித்தால் அது தற்காப்பில் வராது. கூட்டம் கூடி அடிக்கும்போது நீங்களும் தடியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மிளகாய்ப் பொடி வெச்சுக்கலாமா?

வேண்டாம். காற்றடித்தால் உங்கள் கண்ணில்தான் விழும். சுருக்குப்பையில் மடித்த பொட்டலத்தைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கழுத்திலோ சாவிக்கொத்திலோ ஒரு விசில், இருட்டு நேரத்தில் கையில் ஒரு டார்ச், இது போதும்.

தெரு நாய் துரத்துனா ஓடறதா நிக்கறதா?

எங்களிடம் வருகிறவர்கள் திருடனைவிட நாயைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள், அது நியாயமான பயம். ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும், நீங்களும் விழுவீர்கள். பக்கவாட்டில் திரும்பி நின்று, கண்ணை நேராக முறைக்காமல், கைத்தடியையோ பையையோ உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் தரையோரமாக வையுங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டி போட்ட நாயின் பக்கமும், சாப்பிடும் நாயின் பக்கமும் போகவே வேண்டாம்.

கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போடத் தொடங்குங்கள், இலவசம்தான். ரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும், அதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த ஊசித் தேதிகளைத் தவறவிடாதீர்கள். வளர்ப்பு நாயோ குரங்கோ கடித்தாலும் இதேதான்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். இங்க திருடனைவிட காட்டெருமைதான் பயம். அதுக்கு என்ன பண்றது?

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நிற்பது புதிதல்ல. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் மூடுபனியிலும் தோட்டப் பாதையில் தனியாக நடப்பதைத் தவிருங்கள். பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள், போட்டோ எடுக்க நிற்காதீர்கள். அது உங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாலோ சீறினாலோ மரத்தையோ சுவரையோ நடுவில் வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். அதற்கு வழி விட்டால் பெரும்பாலும் அதுவே போய்விடும். குரங்குக்குக் கையில் உள்ள பிளாஸ்டிக் கவர்தான் அழைப்பு. சாமானைத் துணிப்பையில் போட்டு மூடிக்கொண்டு போங்கள்.

மலையில் இன்னொரு விஷயம் நேரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வர முடியும், பனியிலும் மழையிலும் இன்னும் தாமதமாகும். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, வாய் கோணுவது என்றால் "விடியட்டும் பாக்கலாம்" என்று இருக்காதீர்கள், 108-ஐ உடனே அழையுங்கள். போனில் சிக்னல் கிடைக்கும் இடம் வீட்டில் எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலும் அந்தப் பக்கம் இருந்தால் நல்லது.

தறிச் சத்தத்துல நான் கத்துனா யாருக்குங்க கேக்கும்? போனும் பட்டன் போன்தான்.

அம்மாப்பேட்டை, குகை பக்கம் இருக்கிறவர்கள் எல்லாருமே கேட்பது இது. சத்தத்தை நம்ப முடியாத இடத்தில் நேரத்தை நம்புங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் உங்களை அழைப்பது, நீங்கள் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் இருப்பதும் இதில் சேர்த்திதான்.

பட்டன் போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்கு, 3-ஐ அழுத்தினால் பக்கத்து வீட்டுக்கு என்று பதிந்து தரச் சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை வைத்துக்கொள்ளலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினாலும் அவசர அழைப்பு போகும், செட்டிங்கில் அதை முன்பே வைத்திருக்க வேண்டும். எண்கள் இவை: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பண மோசடிக்கு 1930, முதியோர் உதவிக்கு 14567 (காலை 8 முதல் இரவு 8 வரை). பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

"போலீஸ்தான், முன்னாடி திருட்டு நடந்திருக்கு, நகையைக் கழட்டி பேப்பர்ல மடிச்சு வைங்க"ன்னு சொன்னாங்க. நிஜப் போலீஸா இருந்தா?

எந்தப் போலீஸும் ரோட்டில் உங்கள் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். மடித்துக் கொடுக்கும்போது பொட்டலம் மாறும், உள்ளே கல் இருக்கும். இதே தந்திரத்துக்குப் பல வேஷம் உண்டு. "முதியோர் உதவித்தொகை வாங்கித் தர்றேன், நகையோட போட்டோ எடுத்தா கிடைக்காது, கழட்டி என்கிட்ட கொடுங்க" என்பது ஒன்று. நகை பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பது இன்னொன்று. மாதம் 1200 ரூபாய் உதவித்தொகைக்காக மூன்று பவுன் போகிறது, அதுவும் இல்லாதவர்களிடமிருந்து. எனக்கு மிகவும் வலிப்பது இந்த வகைதான்.

இங்கே இன்னொரு ஆள் விதியை அப்படியே பயன்படுத்துங்கள். "சரிங்க, எதிர்க் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். நிஜமான ஆள் காத்திருப்பார். மற்றவன் அதற்குள் போயிருப்பான்.

பேங்க்ல பணம் எடுத்துட்டு வரும்போது?

"பணம் கீழே விழுந்திருக்கு", "சட்டையில அசிங்கம் பட்டிருக்கு", "டயர் பஞ்சர்" என்று யாராவது சொன்னால் பையை அணைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள். அங்கே நின்று பார்த்துக்கொள்ளலாம். பணத்தை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு வழியில் டீ குடிக்க நிற்காதீர்கள். ஏடிஎம்மில் தெரியாதவர் உதவி வேண்டாம். கார்டு திரும்பக் கைக்கு வந்ததும் அதில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிங்க? வாசல்ல தண்ணி கேட்டாக்கூட கொடுக்கக் கூடாதா?

கொடுங்கள். கிரில் கேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, கம்பி வழியாகச் சொம்பை நீட்டுங்கள். உள்ளே எடுக்கப் போகும்போது மரக்கதவையும் சாத்திவிட்டுப் போங்கள். கேஸ், கரண்ட், கார்ப்பரேஷன் என்று யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கம்பிக்கு வெளியே காட்டட்டும், நீங்கள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்ட பிறகு உள்ளே வரட்டும். அதைச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வீட்டோடு தங்கி வேலை செய்ய ஆள் வைக்கிறீர்கள் என்றால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்ட ஆளு வந்து, என் பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்குன்னு சொன்னார். போனை வெச்சா கைதுன்னு மிரட்டினார்.

வைத்துவிடுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். வழக்கு ஒன்றில் விவரம் தெரிந்தவர் என்று உங்களை விசாரிக்க வேண்டுமானால்கூட, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆணையும் எந்த வயதுப் பெண்ணையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று, போலீஸ் விசாரணை முறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா சட்டத்தின் 179-வது பிரிவு சொல்கிறது. கணக்கைச் 'சரிபார்க்க' உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க, அறைக் கதவைச் சாத்துங்க" என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனியுங்கள். இன்னொரு ஆள் விதியை உடைத்தால்தான் அவர்களுக்கு வேலை நடக்கும். படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள்கூட இதில் மாட்டுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் அரசுக்குக் கட்டுப்பட்டு நேர்மையாக இருந்தவர்களுக்கு 'வழக்கு' என்ற சொல்லே கை நடுங்க வைத்துவிடுகிறது. நடுக்கம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் முதலில் கண்ணில் படுகிறவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

நான் ஓடிபி சொல்லவே இல்லைங்க. ஆனாலும் பணம் போயிருக்கு. பேங்க் தராதா?

2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆக எப்படிப் பார்த்தாலும் உடனே சொல்வதுதான் லாபம். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வரும் ஏபிகே ஃபைலை (போனில் செயலியை ஏற்றிவிடும் ஃபைல்) திறந்திருந்தாலும் ஓடிபி தானாகவே திருடுபோகும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெளி ஆளு இல்லைங்க. பையன்தான். வீட்டை எழுதிக் கொடுன்னு அடிக்கிறான்.

இதைக் கேட்பவர்கள், மற்ற எல்லாரும் போன பிறகு தனியாக வந்து கேட்பார்கள். அடித்தால் அது குற்றம்தான், மகன் என்பதால் குறையாது. 112-ஐ அழைக்கலாம், 14567-ல் பேசலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். சேலம் மாவட்டத்தில் சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என்று நான்கு கோட்டங்கள், ஏற்காடு சேலம் கோட்டத்தில் வரும். வயது 60 நிரம்பியிருந்தால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனுவைக் கொடுக்கலாம். பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஒன்று. உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளை பேருக்கு மாற்றும் செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, பார்த்துக்கொள்ளாவிட்டால், மேற்படி சட்டத்தின் 23-வது பிரிவின்படி தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கட்டும், "வாயால சொன்னான்" என்பதை நிரூபிப்பது கஷ்டம். உங்கள் ஆயுள்வரை நீங்கள் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் அன்பாக இருக்கும் வீடுகளிலும் இதையே சொல்வேன். என் அபிப்பிராயம், உயில் எழுதுவதே மேல். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அத்தைக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தா போயிடறாங்க. போலீஸ்ல இருபத்திநாலு மணி நேரம் கழிச்சுதான் புகார் எடுப்பாங்களாமே?

அப்படி ஒரு விதி கிடையாது. அரை மணி நேரம் தேடிக் கிடைக்காவிட்டால் 112-ஐ அழையுங்கள். அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தார் என்று சொல்ல வேண்டும் என்பதால் காலையில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம். கையில் போன் நம்பர் பொறித்த வளையம் போடுங்கள், பர்ஸில் வைக்கும் சீட்டு தொலைந்துவிடும். மறதி உள்ளவர்கள் பழைய வீட்டையும் பழைய வேலையையும் தேடித்தான் பெரும்பாலும் போவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர் என்றால் முதலில் அந்தப் பக்கம் ஆள் அனுப்புங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட், புதிய பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன் மூன்றிலும் ஒரே நேரத்தில் சொல்லிவையுங்கள்.

ஏமாந்துட்டேன். பையனுக்குத் தெரிஞ்சா திட்டுவான், போனைப் புடுங்கிடுவான். சொல்லாம விட்டுடலாமா?

இன்றைக்கே சொல்லுங்கள். ஒரு முறை ஏமாந்தவரின் நம்பரை வைத்துக்கொண்டு, "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம்" என்று அடுத்த கும்பல் வரும். மீட்டுத் தரக் கட்டணம் கேட்டால் அதுவும் மோசடிதான். பையனிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் மருமகளிடமோ தங்கையிடமோ சொல்லி, அவர்களைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 1930-ல் சொல்லும்போது கிடைக்கும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு: அம்மா சொன்னதும் "உனக்கு எதுக்கு இந்த போன்" என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போது நடந்தது, எந்த வங்கி, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து 1930-ஐ நீங்களே அழையுங்கள். அப்புறம் கார்டை முடக்குங்கள், யூபிஐ ரகசிய எண்ணை மாற்றுங்கள், போனில் புதிதாக எந்தச் செயலி ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.